மக்கள் பாடல்களின் மறைபொருளும் நமது பொருள்கோளும்

பாடல் ஒன்றைக் கேட்டவுடன், "இது உண்மையில் யாரைக் குறித்து எழுதப்பட்டது தெரியுமா?" என்று கேட்பது தமிழ்மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். தேநீர்க் கடையிலும், தொழிற்சாலை வாயிலிலும், புறநகர் ரயில் பெட்டியிலும் இக்கேள்வி எழுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். காதற்பாட்டு என எண்ணியது கட்சி அரசியல் என்பார் ஒருவர். தாலாட்டு என எண்ணியது சித்தர் தத்துவம் என்பார் மற்றொருவர். திருச்சபையின் ஊழியர்களாகிய நமக்கு இது வெறும் பொழுதுபோக்கு அன்று. எழுதப்பட்ட சொல்லுக்குப் பின்னால் உள்ள பொருளை எடுத்துரைப்பதே வாரந்தோறும் நமது பணியாயிருக்கிறது. ஆதலால், ஒரு பாடலில் மறைபொருள் உண்டென்று எப்பொழுது சொல்லலாம், எப்பொழுது சொல்லலாகாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது பயன்தரும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

1. ஆவடியில் ஒரு மறையுரையும் இரண்டு கேள்விகளும்

சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஆவடிப் பகுதியில் ஒரு சபையில் இளம் ஆயனாக ஊழியம் செய்துவந்தேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும், ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோரே அச்சபையின் பெரும்பான்மையினர். ஒரு ஞாயிறு, ஜெபத்தில் தயக்கமின்றி ஆண்டவரிடம் செல்லவேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒரு திரைப்படப் பாடலைக் குறிப்பிட்டேன். 1967இல் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' என்னும் படத்தில், காதலி ஒருத்தி சிவகாமியின் மகனுக்குச் செய்தி சொல்லும்படி வேண்டும் பாடல் அது. இயற்றியவர் கவிஞர் கண்ணதாசன். காமராசரின் தாயார் பெயர் சிவகாமி அம்மையார். ஆகவே, காங்கிரசில் சேர விரும்பிய கவிஞர், தலைவரிடம் நேரில் கேட்கத் தயங்கி, பாட்டின் வழியாகத் தூது விட்டார் என்று நான் கேட்டிருந்த கதையை அப்படியே பீடத்திலிருந்து கூறினேன். மக்கள் மகிழ்ந்தனர்; மறையுரை நன்றாயிருந்தது என்றனர்.

ஆராதனை முடிந்தபின் பூந்தமல்லியிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியபொழுது தந்தையாரின் கைப்பிடித்துச் சென்று அதைக் கண்டவர். யு. என். தேபர் தலைமையில், சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்பதைக் குறிக்கோளாக ஏற்ற மாநாடு அது. அப்பொழுது சென்னை இராச்சியத்தின் முதலமைச்சர் காமராசர். அப்பெரியவர் கேட்டார்: "ஐயா, கண்ணதாசன் 1961இல் தி.மு.க.வை விட்டு சம்பத்தோடு வெளியே வந்தார். அவர்கள் நடத்திய தமிழ்த் தேசியக் கட்சி 1964இலேயே காங்கிரசோடு இணைந்துவிட்டது. 1967இல் வந்த படத்தில் காங்கிரசில் சேருவதற்குத் தூது எதற்கு?"

என்னிடம் விடையில்லை. அருகில் நின்ற வாலிபர் சங்கத் தம்பி ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ஐயா, அப்படியானால் உன்னதப்பாட்டில் வரும் மணவாளன் கிறிஸ்து, மணவாட்டி திருச்சபை என்று நாம் சொல்வதும் இதைப் போன்றதுதானா?" என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். அன்றுமுதல் இவ்விரு கேள்விகளும் என்னை விட்டு நீங்கவில்லை.

முதலில் பெரியவரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சிவகாமி என்பது அம்மையின் திருப்பெயர்களுள் ஒன்று. அவள் மகன் முருகன். தமிழ்நாட்டில் காதலி ஒருத்தி முருகனை நினைந்து பாடுவதில் புதுமை ஏதுமில்லை. ஆகவே அப்பாடலின் நேர்ப்பொருள் குறையின்றி நிற்கிறது. அதை விளங்கிக்கொள்ள வேறொரு திறவுகோல் தேவைப்படவில்லை. கவிஞர் தம் தலைவரின் தாயார் பெயரை அறிந்தவராதலின், சொல்லில் ஒரு சிலேடையை அவர் விரும்பியே வைத்திருக்கலாம். ஆனால் சிலேடை வேறு, தூது வேறு. காலக்கணக்கு இடறுகிறது என்று காட்டியதும், "சேருவதற்காக அன்று, மனத்தாங்கல் தீர்வதற்காக" என்று கதையை மாற்றிச் சொல்வாரும் உண்டு. எதிர்ச்சான்று எழுந்தோறும் தன் காரணத்தை மாற்றிக்கொண்டு தப்பிப் பிழைக்கும் விளக்கம், சான்றின்மேல் நிற்பதன்று. நமது விருப்பத்தின்மேல் நிற்பது.

2. தினைப்புனத்தில் வெள்ளைக் கொக்கு

எனினும், மறைபொருள் என்பதே கட்டுக்கதை என்று முடிவுகட்டுவதும் தவறாகும். மெய்யாகவே மறைபொருளோடு பாடப்பட்டு, மெய்யாகவே அவ்வாறு புரிந்துகொள்ளப்பட்ட பாடல்கள் தமிழ்நாட்டு வரலாற்றில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி நாடக மேடை அதற்குச் சிறந்த சான்று.

ஆங்கில அரசு 1876இல் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை இயற்றி, அரச விரோதமானவை என்று கருதும் நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆனால் தமிழ்நாட்டு 'ஸ்பெஷல்' நாடகங்களில் புராணக் கதையே பொருள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' போன்ற நாடகத்தில் அரசு எதைத் தடுப்பது? கதையை நன்கறிந்த மக்கள் விடியும்வரை அமர்ந்திருப்பர். நடிகர்கள் கதைக்கு இடையே தாங்கள் விரும்பிய பாடல்களைச் சேர்த்துப் பாடுவர். இந்த இடைவெளி வழியாகத் தேசியம் மேடை ஏறிற்று. மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) இத்தகைய பாடல்களை இயற்றியவர்களில் முதன்மையானவர். 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமாக வெளிவந்த 'காளிதாஸ்' வடமொழிப் புலவனின் கதையைச் சொல்வதாயினும், காந்தியடிகளின் இராட்டினத்தைப் போற்றும் பாடல் ஒன்று அதில் இடம்பெற்றது. அப்படத்திற்குப் பாடல் எழுதியவரும் அவரே.

மேடையில் இப்பாடல்களுக்கு உயிர் கொடுத்தவர் எஸ். எஸ். விசுவநாததாஸ் (1886–1940). சிவகாசியில் பிறந்தவர், முடிதிருத்தும் தொழிலுக்குரிய சமூகத்தைச் சேர்ந்தவர். அதன்காரணமாகவே அவரோடு நடிக்க மறுத்த நடிகையரும் உண்டு என்பது நாம் மறத்தலாகாத செய்தி. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனம் காக்கும் காட்சியை ஒட்டி அவர் பாடிய வெள்ளைக் கொக்குப் பாடல் ஊரெங்கும் பரவியது. புனத்தில் பறவையை விரட்டும் பாட்டு நாடகத்துக்கு இயல்பானதே. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: தினைக்கதிரைக் கவர வருவது கிளி. கொக்கோ மீன் தின்னும் நீர்ப்பறவை. மலைப்புனத்தில் அதற்கு வேலையில்லை. இடம் மாறி வந்த அந்த வெண்ணிறப் பறவை எது என்பதைக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஆங்கிலக் காவல்துறைக்கும் விளங்கிற்று. விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார். சிறையிலிருந்து வந்து மீண்டும் மேடை ஏறினார். 1940 டிசம்பர் 31 அன்று, சென்னையில், மயில்மீதமர்ந்த முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்பொழுதே மேடையில் உயிர்நீத்தார்.

இத்தகைய கலைஞர்களை அரசியல் அரங்கில் ஆதரித்தவர் தீரர் சத்தியமூர்த்தி (1887–1943). காமராசரை உருவாக்கியவரும் அவரே. 1955இல் ஆவடி மாநாடு கூடிய இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டதும், மேற்கே பூண்டி நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கியிருப்பதும் அந்நன்றியின் அடையாளங்கள். இந்த மேடை வரலாற்றை ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்து 1981இல் ஆங்கில நூலாகத் தந்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அவர் காட்டிய வழியில், பாடலையும், பாடப்பட்ட இடத்தையும், அரசின் நடவடிக்கையையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்பொழுதுதான் மறைபொருள் ஊகமாக இல்லாமல் வரலாறாகிறது.

கொக்குப் பாடலுக்கும் சிவகாமி கதைக்கும் உள்ள வேறுபாடு இப்பொழுது தெளிவாகும். முன்னதில், வெளிப்படையாகப் பேசினால் சிறை என்னும் நிலை இருந்தது. கேட்டவர்கள் அன்றே அவ்வாறு புரிந்துகொண்டனர். ஆட்சியாளரும் அவ்வாறே புரிந்துகொண்டு தண்டித்தனர். பின்னதில், தம் கட்சித் தலைவரோடு பேசுவதற்குக் கவிஞர் எவருக்கும் அஞ்சவேண்டிய நிலை இல்லை.

3. உதயசூரியனும் தணிக்கையும்

விடுதலைக்குப் பின் நிலைமை மாறிற்று. ஆனால் முற்றிலும் மாறிவிடவில்லை. திரைப்படத் தணிக்கை தொடர்ந்தது. 1966இல் வெளிவந்த 'அன்பே வா' படத்தில் எம்.ஜி.ஆர். பாடுவதாக அமைந்த பாடலொன்றில் கவிஞர் வாலி 'உதயசூரியன்' என்னும் சொல்லை அமைத்திருந்தார். அது தி.மு.க.வின் தேர்தல் சின்னம். தணிக்கைக் குழு அச்சொல்லை ஏற்கவில்லை; சூரியனுக்கு வேறோர் அடைமொழி இடப்பட்டது. இங்கும் மறைபொருளுக்குப் புறச்சான்று உண்டு: தடுத்தவரின் கையே சாட்சி. மறு ஆண்டு 1967 ஜனவரி 12 அன்று, பூந்தமல்லிச் சாலையை ஒட்டிய இராமாவரம் இல்லத்தில் அவர் சுடப்பட்டதும், மருத்துவமனையில் இருந்தவாறே பரங்கிமலைத் தொகுதியில் வெற்றிபெற்றதும், அக்கட்சி ஆட்சிக்கு வந்ததும் நமது பகுதியின் மூத்தோர் நினைவில் உள்ளவை. அப்படத்தைக் கண்ட மக்களுக்கு அடைமொழி மாறியதனால் பொருள் மாறிவிடவில்லை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் (1930–1959) உழைப்பாளரின் பசியையும் உரிமையையும் திரைப்பாடல்களில் வெளிப்படையாகவே எழுதினார். அவர் பாடல்களில் மறைபொருள் தேடுவோர் மிகக் குறைவு. தேடவேண்டிய தேவையும் இல்லை. திறந்து பேச வழியுள்ள இடத்தில் திறந்து பேசுவதே இயல்பு. மறைத்துப் பேசுதல் பெரும்பாலும் வாய் கட்டப்பட்டவர்களின் மொழி.

4. தமிழ் மரபு வகுத்த வேறுபாடுகள்

மறைபொருள் அனைத்தும் ஒரே வகையின என்று எண்ணுவதால்தான் குழப்பம் எழுகிறது. நம் முன்னோர் இவற்றை வேறுபடுத்தி வெவ்வேறு பெயரிட்டனர். தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்பதை வகுக்கும்பொழுது, தெய்வம் நீங்கலான கருப்பொருளாகிய விலங்கு, பறவை, மரம் முதலியவற்றை நிலமாகக்கொண்டு அது அமையும் என்று எல்லை கட்டினார். ஒரு சொல் இருபொருள் தருவது சிலேடை. ஒரு குழுவினர் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. சித்தர்கள் தம் யோக அனுபவத்தைப் பிறர் அறியாவண்ணம் கூறியது பரிபாஷை.

இவற்றினும் வேறானது வைணவ உரையாசிரியர்கள் ஸ்வாபதேசம் என்றழைத்தது. நம்மாழ்வார் தலைவியின் நிலையில் நின்று பாடிய பாசுரங்களில் பறவைகளைத் தூது விடுகிறார். அப்பறவைகள் ஆசாரியரைக் குறிக்கும், இரு சிறகுகள் ஞானமும் அனுட்டானமும் ஆம் என்று உரைமரபு விரித்துரைத்தது. நமது பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சியில் வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டத் தொண்டு செய்து, இராமானுசரின் ஐயங்களுக்குப் பெருமாளின் விடைகளைக் கொண்டுவந்து தந்தவர் என்று அம்மரபு போற்றுகிறது. தூது செல்வோரை ஆசாரியராகக் காணும் சமயச் சூழலில் பறவைக்கு அப்பொருள் பிறந்தது வியப்பன்று. ஆனால் அவ்வுரையாசிரியர்கள் ஒன்றில் நேர்மையாயிருந்தனர்: பாட்டின் நேர்ப்பொருளை முதலில் கூறி, அதன்பின் ஸ்வாபதேசத்தைத் தனியே கூறினர். ஒன்றை மற்றொன்றாகக் காட்டி மயக்கவில்லை. கிறிஸ்தவப் பிரசங்கியார் அவர்களிடம் கற்றுக்கொள்ளவேண்டிய ஒழுங்கு இது.

5. கடல் கடந்த சான்றுகள்

இத்தகைய மெய்யும் பொய்யும் பிற நாட்டுத் திருச்சபை வரலாற்றிலும் கலந்தே கிடக்கின்றன. அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் பாடிய ஆவிக்குரிய பாடல்களில் கானான் நாடு அடிக்கடி வரும். அடிமைத்தளையிலிருந்து தப்பி விடுதலை வீரராகத் திகழ்ந்த பிரடெரிக் டக்ளஸ், 1855இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தாங்கள் கானானைப் பாடியபொழுது அடிமைமுறையற்ற வடநாட்டையும் எண்ணியே பாடினோம் என்று சாட்சி கூறுகிறார். பாடியவரே கூறும் சாட்சி இது. அதற்குமேல் சான்று வேண்டா.

இதற்கு மாறாக, வடக்கு நோக்கித் தப்பியோடுவதற்கான வழிவரைபடமே அடங்கியது என்று பள்ளிப் பாடங்களிலும் இடம்பெற்ற 'சுரைக் குடுவை'ப் பாடல் முதன்முதல் அச்சேறியது 1928இல். அடிமைமுறை ஒழிந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்! அதன் பழமையை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, கிறிஸ்துமஸ் காலத்தில் மேடைகளில் சொல்லப்படும் செய்தி. பன்னிரண்டு நாட்களின் பரிசுகளை எண்ணும் ஆங்கிலப் பாடல், இங்கிலாந்தில் ஒடுக்கப்பட்ட ரோமன் கத்தோலிக்கர் தம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்க இயற்றிய மறைமொழி என்பது அச்செய்தி. அப்பாடல் சுமார் 1780இல் இலண்டனில் சிறுவர் நூலொன்றில் அச்சாயிற்று. ஆனால் இவ்விளக்கத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் எழுத்துச் சான்று கிடைக்கவில்லை. அன்றியும், அதில் மறைந்திருப்பதாகக் கூறப்படும் இரு ஏற்பாடுகள், நான்கு சுவிசேஷங்கள், பத்துக் கற்பனைகள் முதலியவற்றை இங்கிலாந்துத் திருச்சபையாரும் அறிக்கையிட்டே வந்தனர். இருசாராருக்கும் பொதுவானதை எவரிடமிருந்து மறைப்பது? நான்கூட இக்கதையை ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் கூறியிருக்கிறேன் என்பதை இங்கு அறிக்கையிடுவது கடமை.

6. திருமறை காட்டும் வழி

இனி, அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். திருமறையில் மறைபொருளுடைய பாடல் உண்டா? உண்டு. ஏசாயா 5ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் தீர்க்கதரிசி தம் நேசரின் திராட்சத்தோட்டத்தைக் குறித்துப் பாடுகிறார். கேட்பவர்களுக்கு முதலில் அது காதற்பாட்டாகவே தோன்றும். கொத்திப் பண்படுத்தி நட்ட தோட்டம் கசப்பான பழம் தந்தபொழுது, தோட்டத்துக்கும் தமக்கும் நடுவே தீர்ப்புச் செய்யும்படி கேட்பவரிடமே நேசர் கேட்கிறார். அவர்கள் உள்ளத்தில் தீர்ப்பு உருவான பின், 7ஆம் வசனத்தில் தீர்க்கதரிசி தாமே திரையை விலக்குகிறார்: தோட்டம் இஸ்ரவேல். நாத்தான் தாவீதிடம் கூறிய ஆட்டுக்குட்டியின் கதையும் (2 சாமுவேல் 12) இவ்வாறே. பொருளை மறைத்தவரே திறவுகோலையும் தருகிறார். மறைத்ததன் நோக்கம் கேட்பவரின் அறிவை வியக்கவைப்பதன்று. அவர் மனச்சாட்சியைத் தொடுவது.

ஒடுக்கப்பட்டோரின் மறைமொழியும் அங்குண்டு. எரேமியா 25:26இல் வரும் சேசாக்கு என்னும் பெயர், எபிரெய எழுத்துக்களை முதலும் கடையுமாக மாற்றி எழுதினால் பாபேல் ஆகும். 51:41இல் சேசாக்கும் பாபிலோனும் அடுத்தடுத்து இணையாக வருவதால் திறவுகோல் நூலுக்குள்ளேயே கிடைக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ரோமாபுரி பாபிலோன் என்றழைக்கப்படுகிறது. 17ஆம் அதிகாரத்தின் ஏழு மலைகளும், பூமியின் ராஜாக்கள்மேல் ஆளும் மாநகரம் என்னும் குறிப்பும் முதல் வாசகர்க்குப் போதுமானவை. பத்முவில் சிறைப்பட்டிருந்தவரின் சொல்லும், சிறை கண்ட நாடகக் கலைஞரின் கொக்கும் ஒரே வகை நெருக்கடியில் பிறந்தவை. இதைக் கூறுவதால் திருமறையின் மேன்மை குன்றாது. சிறுமைப்பட்டோரின் மொழியைத் தேவன் தம் மொழியாக ஏற்றார் என்பதே விளங்கும்.

உன்னதப்பாட்டோ வேறு. அதனுள் ஏசாயாவின் 7ஆம் வசனத்தைப் போன்ற திறவுகோல் இல்லை. நேர்ப்பொருளில் அது ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நேசிக்கும் பாடல். அதை மது விருந்துகளில் வெறும் பாட்டாகப் பாடியோரை ரபி அக்கிபா கடுமையாகக் கண்டித்தார்; நூல்களுள் அதுவே மிகப் பரிசுத்தமானது என்றும் அவர் கருதினார். ஓரிகன் அதில் கிறிஸ்துவையும் திருச்சபையையும், ஆத்துமாவையும் கண்டார். பெர்னார்டு 86 அருளுரைகள் ஆற்றியும், 1153இல் அவர் மரிக்கும்பொழுது மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தையே எட்டியிருந்தார். நேர்ப்பொருளை வற்புறுத்திய மார்ட்டின் லூத்தரே, அந்நூலுக்கு வந்தபொழுது, சாலொமோன் தம் நல்லரசுக்காகத் தேவனைத் துதிக்கும் பாடல் என்று அதற்கு அரசியல் பொருள் கண்டார்! காதற்பாட்டில் அரசியலைக் கேட்கும் பழக்கம் நம் தேநீர்க் கடைகளுக்கு மட்டும் உரியதன்று போலும்.

ஆகவே தம்பிக்கு நான் இன்று கூறும் விடை இது. மணவாளன் கிறிஸ்து என்பது அந்நூலை இயற்றியவர் உள்ளே ஒளித்துவைத்த இரகசியம் என்று நிறுவ நம்மிடம் சான்றில்லை. ஆனால் இறைவனுக்கும் அவர் மக்களுக்கும் உள்ள உறவை மணவுறவாகக் கூறும் மொழி ஓசியாவிலும், எபேசியர் நிருபத்திலும் வெளிப்படையாகவே உள்ளது. அவ்வொளியில் நின்று திருச்சபை உன்னதப்பாட்டைத் தியானித்தது. அது நமது ஸ்வாபதேசம். அதைக் கூறலாம், கூறவும் வேண்டும். ஆனால் மனிதக் காதலும் தேவன் அருளிய நன்மையே என்னும் நேர்ப்பொருளை முதலில் கூறிவிட்டுக் கூறவேண்டும். நேர்ப்பொருளுக்கு வெட்கப்பட்டு அதை மறைப்பதற்காக உருவகத்தை நாடினால், நமது இளைஞரிடம் நாம் நேர்மையற்றவராவோம்.

நல்ல சமாரியன் உவமைக்கு அகஸ்தீன் கண்ட விளக்கம் இவ்விடத்தில் நல்ல எச்சரிப்பு. அடிபட்டவன் ஆதாம், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் அப்போஸ்தலனாகிய பவுல் என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் கண்டார். சி. எச். டாட் 1935இல் தம் உவமை நூலின் தொடக்கத்திலேயே இதை எடுத்துக்காட்டி, உவமையின் கேள்வியே காணாமற்போகிறது என்பதை விளங்கச்செய்தார். யார் பிறன் என்னும் கேள்வி நம்மைச் சுடுகிறது. சத்திரக்காரன் யார் என்னும் கேள்வி சுடுவதில்லை. மறைபொருள் தேடுதல் சில வேளைகளில் வெளிப்பொருளிலிருந்து தப்பியோடும் வழியாகிவிடுகிறது.

7. நமது கவிஞர்கள்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாருங்கள். கோயில் தாசியரும் குறத்தியும் ஆடிய குறவஞ்சி வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டார். தலைவி தேவமோகினி திருச்சபையாகிறாள்; குறி சொல்லும் குறத்தி விசுவாசமாகிறாள்; பறவை பிடிக்கும் சிங்கன் ஆத்துமாக்களைச் சேர்க்கும் குருவாகிறான். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) பனியனைப் பின்பற்றி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். இவற்றில் உருவகம் வெளிப்படையாகவே உள்ளது. கவிஞரே பெயரிட்டுத் திறவுகோலைத் தந்துவிடுகிறார். சிவகாமி கதையில் நாம் சந்தித்த கண்ணதாசனும் தம் இறுதிக்காலத்தில் 'இயேசு காவியம்' இயற்றினார். திருச்சி கலைக்காவிரி அதை வெளியிட்டது. அவர் சொல்ல விரும்பியதை அவர் சொல்லியே சென்றிருக்கிறார். சொல்லாததை அவர்மேல் ஏற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று.

முடிவுரை

இவ்வரலாறுகளிலிருந்து, பாடலில் மறைபொருள் உண்டென்று கூறுமுன் கேட்கவேண்டிய நான்கு கேள்விகளைத் தொகுக்கலாம். முதலாவது, மறைக்கவேண்டிய தேவை யாருக்கு, யாரிடமிருந்து இருந்தது? இரண்டாவது, பாடியவரோ, கேட்டவரோ, தடுத்தவரோ அக்காலத்திலேயே அதற்குச் சாட்சி கூறியுள்ளனரா? மூன்றாவது, காலக்கணக்கு பொருந்துகிறதா? நான்காவது, நேர்ப்பொருளில் ஏதேனும் இடைவெளி உண்டா, அல்லது பாடலே திறவுகோலைத் தருகிறதா? வெள்ளைக் கொக்கும், சேசாக்கும், கானானும் இக்கேள்விகளைத் தாங்கி நிற்கின்றன. சிவகாமியின் மகனுக்கு அனுப்பிய தூதும், பன்னிரண்டு நாள் ஞானோபதேசமும் தாங்கவில்லை.

இது நூலறிவு சார்ந்த சிறு விஷயம் என்று மாணவர் எவரும் எண்ணவேண்டாம். மேடைக்காக ஒரு கதையை ஆராயாமல் சொல்லும் பிரசங்கியாரைக் கேட்பவர், அடுத்து அவர் உயிர்த்தெழுதலைச் சொல்லும்பொழுது எந்தக் காதோடு கேட்பார்? மேலும், பொய்யான மறைபொருள்கள் பெருகுமானால் மெய்யானவையும் ஐயத்துக்குள்ளாகும். அதனால் இழப்பு அடைவோர், மறைத்துப் பேசுவதைத் தவிர வேறு வழியற்றிருந்த விசுவநாததாஸ் போன்றோரும், பருத்திக் காட்டில் பாடிய அடிமைகளுமே. அவர்களது சாட்சியைக் காப்பதும் நமது ஊழியத்தின் ஒரு பகுதி.

அன்று அப்பெரியவர் கேட்டபின், அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று, சென்ற வாரம் கூறிய கதை தவறென்று அறிவித்தேன். சொல்வதற்கு முன் நெடுநேரம் தயங்கினேன். சபையார் மதிப்புக் குறையுமோ என்று அஞ்சினேன். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்தபொழுது பெரியவர் சொன்னார்: "ஐயா, இனி நீங்கள் சொல்லும் கதைகளை நான் நம்பிக் கேட்பேன்." நாற்பத்தைந்து நிமிட மறையுரை எதற்கும் அதற்கு முன்னோ பின்னோ எனக்கு அத்தகைய பாராட்டுக் கிடைத்ததில்லை.